சொலிசிற்றர் கடிதமும் அப்பாவின் பழைய கடனட்டையும்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும்.

அப்பா 2006இல் லண்டன் ஹரோவில் கடை நடத்திய காலத்தில் தன் பெயரில் ஒரு கடனட்டை எடுத்தார். கடை நொடித்துப்போய், 2017 நவம்பருக்குப் பிறகு அதற்குக் காசு கட்டவில்லை. வீடும் மாறினீர்கள். இடையில் யார் யாரோ கடிதம் போட்டார்கள், ஒன்றையும் உடைத்துப் பார்க்கவில்லை. இப்போது 2025 செப்டெம்பர் 2ஆம் திகதியிட்டு ஒரு சொலிசிற்றர் (சட்டத்தரணி) நிறுவனம் எழுதியிருக்கிறது. நீங்கள் பெயரே கேள்விப்படாத ஒரு கம்பனிக்கு 4,380 பவுண்ஸ் கட்டவேண்டும், 30 நாளுக்குள் பதில் இல்லாவிட்டால் வழக்கு. அப்பா நித்திரை கொள்கிறார் இல்லை, "மறியலில் போடுவாங்களோ" என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிறபோக்கில், "2021இல் அம்மா ஒருக்கா போனில் 10 பவுண்ஸ் கட்டின மாதிரி ஞாபகம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் முழு விஷயமும் தொங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அப்பாவைப் படுக்கவிடுங்கள். கடனட்டைக் கடனுக்கு இங்கிலாந்தில் மறியல் இல்லை. இது சிவில் விவகாரம், பொலிசுக்கு இதில் வேலை இல்லை. இப்போது இருக்கிற நிலையில் வீட்டுக்கு வந்து சாமான் தூக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு முதலில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கவேண்டும், அந்தத் தீர்ப்பின்படி கட்டாமல் விட்டபிறகு நீதிமன்றத்தின் ஆணை வாங்கவேண்டும். அந்த இடத்துக்கு இன்னும் பல படிகள் இருக்கின்றன.

நான் சொலிசிற்றர் இல்லை. சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்லி, பதில் எழுத உதவிசெய்து பல வருடமாகிறது. கடைப் பை ஒன்றுக்குள் உடைக்காத கடித உறைகளை நிரப்பிக் கொண்டுவந்து மேசையில் கவிழ்ப்பார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கிற கடனை விட, உடைக்காமல் விட்டதுதான் அவர்களைக் கெடுத்திருக்கும். இப்படிப்பட்ட கடன் வழக்குகளில் தீர்ப்புகள் பெரும்பாலும் எதிராளி பதிலே சொல்லாததால் கிடைப்பவை. நீதிபதி கணக்குப் பார்த்து, இரு பக்கமும் கேட்டுச் சொல்வதில்லை. பதில் வரவில்லை என்றால் கேட்ட தொகைக்குத் தீர்ப்பு, அவ்வளவுதான். கடன் காலாவதியாகி இருந்தால்கூட, அதை நாங்கள் எழுந்து சொல்லாவிட்டால் நீதிமன்றம் தானாகப் பார்த்துத் தள்ளிவிடாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடிதத்தைக் கையில் எடுங்கள். அதோடு என்ன இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தகவல் தாள் ஒன்று, பதில் படிவம் ஒன்று, வரவு செலவு எழுதுகிற படிவம் ஒன்று, இந்த மூன்றும் இருக்கிறதென்றால் இது வெறும் மிரட்டல் கடிதம் இல்லை. 2017 ஒக்டோபர் 1இல் இருந்து, தனி ஆட்களிடம் கடன் கேட்டு வழக்குப் போட முன்னர் பின்பற்றவேண்டிய நடைமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி அனுப்பிய கடிதம் இது. கடிதத்தின் மேலே போட்டிருக்கும் திகதியில் இருந்து 30 நாள். உங்கள் விஷயத்தில் ஒக்டோபர் 2. கடைசி நாள்வரை வைத்திருக்காமல் செப்டெம்பர் 20க்கு முன்னர் தபாலில் சேருங்கள்.

பதில் போடமுன், அந்த சொலிசிற்றர் நிறுவனம் உண்மையானதா என்று சொலிசிற்றர் ஒழுங்குபடுத்தல் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒருக்கால் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தொலைபேசி எண் வேண்டுமென்றால் கடிதத்தில் உள்ளதை விட்டு அந்தப் பதிவேட்டில் உள்ளதை எடுங்கள். பெயர் கேள்விப்படாத கம்பனி என்று பயப்படவேண்டாம். வங்கிகள் வராக்கடனைக் கட்டுக்கட்டாகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவது இங்கே வழமை. வாங்கியவர்தான் இப்போது கேட்கிறார்.

இனி அந்த ஆறு வருடக் கதை. 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும், "ஆறு வருசம் போனா கடன் செத்துப்போகும்" என்று சொல்வார்கள். இரண்டு இடத்தில் பிழைவிடுகிறார்கள்.

ஒன்று, ஆறு வருடம் எங்கே தொடங்குகிறது என்பது. கடைசியாகக் காசு கட்டிய நாளில் இருந்து எண்ணுவதுதான் பழக்கம். கடனட்டைக்கு அது சரிவராது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் டோய்ல் என்பவரின் வழக்கில் சொன்னது இதுதான்: நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் வருகிற இப்படியான கணக்கில், கட்டத் தவறியதாக வங்கி அனுப்பும் அந்த டிஃபோல்ட் நோட்டீசில் கொடுத்த அவகாசம் முடிந்த பிறகுதான் ஆறு வருடம் ஓடத்தொடங்கும். அப்பா 2017 நவம்பரில் நிறுத்தினார். வங்கி சில மாதம் பொறுத்து 2018 மார்ச் போல நோட்டீஸ் அனுப்பியிருந்தால், கணக்கு 2018 ஏப்ரலில் தொடங்கி 2024 ஏப்ரலில் முடிந்திருக்கும். நோட்டீசைத் தாமதமாக அனுப்பியிருந்தால் முடிவும் அந்தளவுக்குப் பிந்தும். ஆகவே அந்த நோட்டீசின் திகதி வேண்டும்.

மற்றது, கிரெடிட் ஃபைலில் (ஒருவரின் கடன் வரலாற்றுப் பதிவில்) காணவில்லை என்பதை வைத்துக் கடன் போய்விட்டது என்று நினைப்பது. டிஃபோல்ட் பதிவு ஆறு வருடத்தில் ஃபைலில் இருந்து தானாக விழுந்துவிடும், கட்டினாலும் கட்டாவிட்டாலும். அதற்கும் வழக்குப் போடும் உரிமைக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் வேறுவேறு மணிக்கூடுகள்.

இப்போது அம்மாவின் 10 பவுண்சுக்கு வருவோம்.

ஆறு வருடம் முடியமுன்னர் கடன்காரர் ஒரு சதமென்றாலும் கட்டினால், கட்டிய நாளில் இருந்து ஆறு வருடம் புதிதாகத் தொடங்கும். கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். 2021 ஜூனில் அப்பா கட்டியிருந்தால், அவர்களுக்கு 2027 ஜூன் வரை நேரம் இருக்கிறது. கடன் வசூலிக்கிறவர்கள் "மாதம் ஐந்து பவுண்ஸ் கட்டினால் போதும் ஐயா" என்று தேன் போலப் பேசுவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. அந்த ஐந்து பவுண்சில் அவர்களுக்கு ஆறு வருடம் கிடைக்கிறது.

ஆனால் உங்கள் வீட்டில் நடந்தது வேறு. கார்டு அப்பாவுடையது, கட்டியது அம்மா. சட்டம் சொல்வது, கடனுக்குப் பொறுப்பானவர் கட்டவேண்டும், அல்லது அவருக்காக அவருடைய முகவராக ஒருவர் கட்டவேண்டும். கடனட்டைக் கணக்குக்கு அப்பா மட்டும்தான் பொறுப்பு. அம்மாவிடம் மேலதிக அட்டை இருந்திருந்தாலும் அவர் கடன்காரர் ஆகமாட்டார். அப்படியானால் அம்மா ஏன் கட்டினார்? அப்பா சொல்லிக் கட்டினாரா, அப்பாவின் வங்கி அட்டையை எடுத்துக் கட்டினாரா? அல்லது போன் அடித்து அடித்துத் தொல்லைப்படுத்தியதால், அப்பாவுக்குத் தெரியாமல், தன் கணக்கில் இருந்து ஒரு பத்தைக் கொடுத்து வாயை மூடப் பார்த்தாரா? முதல் இரண்டும் என்றால் மணிக்கூடு திரும்பத் தொடங்கியிருக்கும். மூன்றாவது என்றால், அது அப்பாவின் பணமளிப்பு இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. இடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன், வெற்றி நிச்சயம் என்று சொல்லவில்லை. கடன் ஆலோசகர் ஒருவரிடம் இதை மட்டும் தனியாகக் காட்டவேண்டும்.

அதனால் இன்றைக்குச் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். அம்மாவைக் கேளுங்கள். கோபமாக அல்ல, அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார். பிறகு அம்மாவின் கணக்கிலும் அப்பாவின் கணக்கிலும் 2021ஆம் ஆண்டு வங்கிக் கூற்றுகளைத் தேடிப் பாருங்கள். ஞாபகத்தை நம்பவேண்டாம். "21 என்று நினைச்சன், பார்த்தா 2016" என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், மறுபக்கமும் நடந்திருக்கிறது. கூற்று கிடைக்கும்வரை யாருக்கும் போன் எடுக்கவேண்டாம், ஒரு பென்ஸ் கட்டவேண்டாம்.

தெரிந்துகொள்ள இன்னும் ஒன்று. ஆறு வருடம் முழுதாக முடிந்து காலாவதியான பிறகு கட்டினாலோ எழுதிக்கொடுத்தாலோ, செத்த உரிமை உயிர்க்காது. சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் எந்த நாளில் முடிந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது இதை நம்பி விளையாடக்கூடாது.

பதில் படிவத்தை எப்படி நிரப்புவது? ஒப்புக்கொள்கிறேன், ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன், தெரியாது, மறுக்கிறேன் என்று நான்கு பெட்டிகள் முதலில் வரும். உங்கள் நிலையில் மறுக்கிறேன் என்ற பெட்டிதான். காரணம் எழுதச் சின்ன இடம் விட்டிருப்பார்கள், தனித் தாள் இணைக்கலாம். பின்னால், ஆவணங்கள் வேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கும், அதையும் குறியுங்கள். கடன் ஆலோசனை பெறப்போகிறேன் என்பதற்கும் இடம் இருக்கிறது. உண்மையாகவே ஆலோசனை கேட்கப் போகிறீர்கள், அதனால் அதையும் குறியுங்கள். வரவு செலவுப் படிவத்தைத் தொடவேண்டாம். அது கடனை ஏற்றுக்கொண்டு தவணை கேட்பவருக்கு. மறுக்கிறேன் என்று ஒரு பக்கத்தில் குறித்துவிட்டு, மறுபக்கத்தில் மாதம் இவ்வளவு கட்டமுடியும் என்று எழுதிக் கொண்டுவந்த படிவங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இணைக்கிற தாளில் கேட்கவேண்டியவை இவை: ஒப்பந்தத்தின் பிரதி, கணக்கு விபரம் முழுவதும், டிஃபோல்ட் நோட்டீசின் பிரதியும் அதன் திகதியும், கடன் இந்தக் கம்பனிக்கு மாற்றப்பட்டதை அறிவித்த கடிதம், கடைசியாகப் பணம் பெற்றதாக அவர்கள் சொல்லும் திகதி, அந்தப் பணம் யாரிடமிருந்து எந்த வழியில் வந்தது என்பதற்கான ஆதாரம். இந்தக் கடைசிக் கேள்விதான் உங்களுக்கு முக்கியம், ஆனால் மற்றவற்றோடு சேர்த்துச் சாதாரணமாகக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "என்னுடைய கடன்" என்று எழுதாதீர்கள், "கட்ட முடியாமல் போனதற்கு மன்னிக்கவும்" என்று எழுதாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் கடிதம் தொடங்கத் தெரியும், நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அது ஒப்புதலாகப் போய்விடலாம். "நீங்கள் குறிப்பிடும் கணக்கு", "கோரப்படும் தொகை" என்றே கடைசிவரை எழுதுங்கள். முதல் வரியில், "இந்தக் கடிதத்தில் உள்ள எதுவும் கடனை ஒப்புக்கொள்வதாகாது" என்று ஒரு வசனம் போடுங்கள்.

கூற்றுகளைப் பார்த்து, 10 பவுண்ஸ் கதை பிழை, 2017க்குப் பிறகு ஒன்றுமே கட்டவில்லை, டிஃபோல்ட் நோட்டீசின் அவகாசம் முடிந்தும் ஆறு வருடம் கடந்துவிட்டது என்று உறுதியானால், இன்னும் நேராக எழுதலாம்: காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி இந்தக் கோரிக்கை காலாவதியானது, இதைக் கட்டப்போவதில்லை, வழக்குப் போட்டால் இதையே எதிர்வாதமாக வைப்பேன். கடன் வசூலிக்கிற கம்பனிகளை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை ஆணையத்தின் விதிப்படி, கடன் காலாவதியானதால் கட்டமாட்டேன் என்று ஒருவர் சொன்னபிறகு தொடர்ந்து பணம் கேட்கக்கூடாது. நான் உதவிசெய்த கடிதங்களில் பல இந்த ஒரு பக்கத்தோடு முடிந்துபோயின. ஆனால் உறுதியாகத் தெரியாமல் இதை எழுதவேண்டாம். வழக்கு வந்தால் எதிர்வாதத்தின் கீழ், இதில் உள்ளது உண்மை என்று அப்பா கையொப்பம் வைக்கவேண்டும். அம்மா கட்டியது தெரிந்துகொண்டே "யாரும் கட்டவில்லை" என்று எழுதினால், கடனை விடப் பெரிய சிக்கல் அது.

தபால் கந்தோரில் கொடுத்து, அனுப்பியதற்கான அத்தாட்சித் துண்டு கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. நிரப்பிய படிவத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணம் கேட்டுப் பதில் போட்டால் அவர்கள் 30 நாளுக்குள் தரவேண்டும், தந்த பிறகும் இன்னொரு 30 நாள் பொறுத்துத்தான் வழக்குப் போடலாம். அந்த அவகாசத்தில் இன்னொரு வேலை செய்யலாம். நுகர்வோர் கடன் சட்டம், 1974, 78ஆம் பிரிவு. கடனட்டை ஒப்பந்தத்தின் பிரதியைக் கடன் சொந்தக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டணம் 1 பவுண். 12 வேலைநாளுக்குள் தராவிட்டால், தரும்வரை அந்தக் கடனுக்காக நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கமுடியாது. இந்தக் கடிதம் சொலிசிற்றருக்கு அல்ல, கடனை வாங்கிய கம்பனிக்குப் போகவேண்டும். ஒரு பவுணைத் தபால் கட்டளையாக அனுப்பி, "இது 78ஆம் பிரிவுக்கான கட்டணம் மட்டுமே, கணக்குக்கான கொடுப்பனவு அல்ல" என்று கடிதத்திலும் கட்டளையின் பின்புறத்திலும் எழுதுங்கள். ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

அப்பாவின் அட்டை 2006 என்பது இங்கே பெறுமதியானது. 2007 ஏப்ரல் 6க்கு முன்னர் செய்த ஒப்பந்தங்களுக்குப் பழைய, கடுமையான விதி பொருந்தும். சட்டம் கேட்ட முக்கிய நிபந்தனைகளோடு கடன் எடுத்தவர் கையொப்பமிட்ட ஆவணம் இருந்திருக்காவிட்டால், நீதிமன்றம் அந்தக் கடனை அமுல்படுத்தவே முடியாது. 78ஆம் பிரிவின் கீழ் கேட்டதற்கு, பழைய தகவலை வைத்துத் திரும்பத் தயாரித்த பிரதியை அனுப்பினால் போதும் என்று 2009இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அப்படி ஒரு தாள் வந்ததால் மட்டும் கையொப்பமிட்ட ஆவணம் இருந்தது என்று ஆகாது, அதனால் சோர்ந்துவிடாதீர்கள். அதைக் கொண்டுபோய் ஆலோசகரிடம் காட்டுங்கள். பழைய கடன்களை விற்று வாங்கும்போது இந்தத் தாள்கள் தொலைந்துபோவது உண்டு.

வழக்கே வந்துவிட்டால்? நோர்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் இருந்து கோரிக்கைப் படிவம் வரும். இதற்கும் சொலிசிற்றர் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டிவையுங்கள், நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் இருக்கும். படிவத்தில் உள்ள திகதியில் இருந்து ஐந்தாம் நாள் கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்கள், அதில் இருந்து 14 நாள். படிவத்தில் உள்ள கடவுச்சொல்லை வைத்து இணையத்தில் போய், படிவம் கிடைத்தது, முழுத் தொகையையும் எதிர்க்கிறேன் என்று பதிந்தால் 14 நாள் 28 ஆகும். அங்கே "நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை எதிர்க்கிறேன்" என்று ஒரு பெட்டி இருக்கும். எதிர்க்கிறேன் என்ற சொல்லைப் பார்த்து அதையும் குறித்துவிடுகிறார்கள். அதைக் குறிக்கக்கூடாது, வழக்கை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்வது அது. பிறகு அந்த 28 நாளுக்குள் எதிர்வாதத்தைப் போடவேண்டும். காலாவதி என்ற வாதம் இருந்தால் அதில் எழுத்தில் இருக்கவேண்டும்.

வீடு மாறினீர்கள் என்று சொன்னீர்களே, அது இன்னொரு கவலை. கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு நீதிமன்றப் படிவம் போனால் அது சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்ட்ஹாமில் இருந்து ஸ்லௌவுக்குப் போன ஒரு அண்ணன், வீடு வாங்க மோர்ட்கேஜ் கேட்டபோதுதான் தன் பெயரில் சி.சி.ஜே. (கடன் கட்டச் சொல்லும் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு) இருப்பதை அறிந்தார். படிவம் பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்த இடத்துக்குப் போயிருந்தது. தீர்ப்பை நீக்கக் கேட்டு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காரணம் காட்டி, நாலைந்து மாதம் அலைந்தார். தீர்ப்பு நீங்கியது, ஆனால் பார்த்த வீடு போய்விட்டது. உங்களுக்குக் கடிதம் புது விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது, அந்த மட்டில் நல்லது. இனி விலாசம் மாறினால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். சி.சி.ஜே. ஆறு வருடம் பதிவில் நிற்கும், தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினாலோ, அந்த அண்ணனைப் போலத் தீர்ப்பை நீக்கவைத்தாலோ மட்டும் அழிக்கலாம்.

எல்லாம் பார்த்தபிறகு, அப்பாதான் 2021இல் கட்டினார், ஒப்பந்தமும் சரியாக இருக்கிறது என்றால், கடன் இருக்கிறது. அப்போது ஒளிக்கவேண்டாம். ஸ்டெப்சேஞ்ச், நஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ், மூன்றும் காசு வாங்காமல் உதவுகிற இடங்கள். ஆலோசகர் மூலம் 60 நாள் ஆறுதல் காலம் பெறலாம், அந்த நாட்களில் அந்தக் கடனுக்கு வட்டி ஏறாது, வசூல் நடவடிக்கை நடக்காது. வருமானம் குறைந்து, சொத்தும் இல்லாதவருக்கு 50,000 பவுண்ஸ் வரையான கடன்களுக்குக் கடன் நிவாரண ஆணை இருக்கிறது, 2024 ஏப்ரலில் இருந்து அதற்குக் கட்டணமும் இல்லை. கடனை வாங்கிய கம்பனி முழுத்தொகைக்குக் குறைவாக ஏற்றுக்கொள்வதும் உண்டு. எது என்றாலும் எழுத்தில் வாங்கியபிறகுதான் காசு.

இவ்வளவும் கடனட்டைக்குச் சொன்னது. கவுன்சில் வரி, வருமான வரி, வீட்டுக்கடன் பாக்கி இவற்றுக்கு விதி வேறு, ஆறு வருடக் கணக்கை அங்கே கொண்டுபோகவேண்டாம். ஸ்கொட்லாந்தில் ஐந்து வருடம், அங்கே காலம் முடிந்தால் கடனே அழிந்துவிடும். சொந்தக்காரரிடம் திகதி சொல்லாமல் வாங்கிய கைமாற்றுக்கு இங்கிலாந்தில் பொதுவாக எழுத்தில் திருப்பிக் கேட்ட நாளில் இருந்துதான் ஆறு வருடம் எண்ணுவார்கள், இருபது வருடம் கழித்தும் கேட்கலாம்.

அம்மாவோடு கதைத்து, 2021 கூற்றுகள் கிடைத்ததும் அந்த 10 பவுண்ஸ் எந்தத் திகதி, யாருடைய அட்டை, எந்தப் பெயருக்குப் போனது என்று மூன்றையும் எழுதுங்கள். பெயர்களையும் கணக்கு எண்களையும் மறைத்துவிட்டு எழுதுங்கள். இணைப்புத் தாளை எப்படி எழுதுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன். பழைய உறைகளையும் எறிந்துவிடாதீர்கள், அதற்குள் அந்த டிஃபோல்ட் நோட்டீஸ் இருக்கக்கூடும்.